கூத்தா, பொம்மையா, கோமாளியா? பிள்ளைகளுக்கு நாடகம் காட்ட எந்த வழி

ஏப்ரல் பிறந்தால் எனக்கு இந்த போன் வரும். போன வாரம் பேசியவர் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த அம்மா. “சார், கோடை முகாம்ல ஒரு நாளை நாடகத்துக்குன்னு ஒதுக்கியிருக்கோம். பிள்ளைங்க எழுபது பேர். கூத்து வைக்கலாமா, பொம்மலாட்டமா, இல்ல பாண்டிச்சேரியில இருந்து குழந்தைகள் நாடகக் குழுவைக் கூப்பிடலாமா? ஒருத்தர் பிள்ளைங்களையே நடிக்க வைங்கங்கிறார். இன்னொருத்தர் வேன் வெச்சு சென்னைக்குக் கூட்டிட்டுப் போங்கங்கிறார். கையில இருக்கிறது கொஞ்சம் காசுதான். எதுக்குச் சரின்னு சொல்றது?”

நான் நாடகக்காரன் இல்லை. திண்டிவனம் பக்கம் நடுநிலைப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவன். ஜமுக்காளம் விரிப்பது, மைக் செட்காரரோடு மல்லுக்கட்டுவது, நடிகர்களுக்குச் சாப்பாடு சொல்லி வைப்பது, இதுதான் எனக்குத் தெரிந்த அரங்கக் கலை. எங்கள் ஊர் இதற்குத் தோதான இடம். ஒரு பக்கம் கூத்து ஊர்கள், இன்னொரு பக்கம் புதுச்சேரி, பஸ் ஏறினால் சென்னை. அதனால் மேலே சொன்ன எல்லா வழியிலும் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். சிலதில் சுட்டும் இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

எந்தக் கலை உசத்தி என்று ஆரம்பித்தால் கமிட்டிக் கூட்டம் ராத்திரி பத்து மணி தாண்டும், முடிவும் வராது. நான் ஐந்து விஷயம் கேட்பேன்.

வயது. ஆறு வயதும் பதினாலு வயதும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தால் ஒன்று பயந்து அழும், இன்னொன்று அதைப் பார்த்துச் சிரிக்கும். யாருக்காக நடத்துகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும்.

தூரம். சினிமாவில் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டிவிடுவார்கள். நாடகத்தில் அது நடக்காது, பிள்ளைதான் கிட்டே வர வேண்டும். கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு நடிகரின் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிகிறதா? தெரியாவிட்டால் அந்தப் பிள்ளை ரேடியோ கேட்கிறது என்று அர்த்தம். என் அனுபவத்தில் தரையில் பத்து வரிசை வரை தாங்கும்.

பதில் பேச இடம். பிள்ளை கத்தலாமா, சிரிக்கலாமா, நடிகர் கேட்டால் பதில் சொல்லலாமா? கத்தினால் அது நடிகர் காதில் விழுந்து, அவர் செய்வது மாறுமா?

சம்பளத்துக்கு வெளியே வரும் செலவு. பந்தல், ஜெனரேட்டர், சாப்பாடு, இடிந்துபோகும் இரண்டு பீரியட். கணக்கு நோட்டில் இவை கடைசியில்தான் ஏறும்.

மறுநாள். எனக்கு இதுதான் முக்கியம். மறுநாள் இன்டர்வெல்லில் பிள்ளைகள் அதை விளையாடுகிறார்களா? துண்டைத் தோளில் கட்டிக்கொண்டு ஒருவன் கிறுகிறுவென்று சுற்றினால் கொடுத்த காசு வீண் போகவில்லை. ‘இன்னொரு தடவை எப்ப சார்?’ என்று யாராவது கேட்டுவிட்டால் அடுத்த வருட வசூலுக்கு நானே முதல் ஆளாகப் போவேன்.

‘யூடியூபில் போட்டுக் காட்டினால் போதாதா’ என்று எல்லாக் கமிட்டியிலும் ஒருவர் கேட்பார். திரையில் இருக்கும் கோமாளிக்கு நம் பிள்ளை தும்மியது கேட்காது. அவ்வளவுதான் பதில், மேலே போவோம்.

அவசரமாக முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு ஒரு பட்டியல். எண்கள் என் கைக்கணக்கு, சட்டம் இல்லை.

| வழி | பொருந்தும் வயது | ஒரு காட்சிக்கு | கணக்கில் வராத செலவு |
|---|---|---|---|
| குழந்தைகள் நாடகக் குழு | 5–11 | 150 பேர் வரை | இரண்டாம் காட்சி, ஆசிரியர்களைத் தயார் செய்வது |
| சுருக்கிய கூத்து | 9-க்கு மேல் | 300 பேர்கூட | ஒப்பனை இடம், ராத்திரிச் சாப்பாடு, ஜெனரேட்டர் |
| தோல்பாவை, பொம்மலாட்டம் | 4–10 | 60 முதல் 100 | இருட்டான அறை, உயரமான மேடை |
| அரங்குக்கு அழைத்துப் போவது | 12-க்கு மேல் | வேன் கொள்ளும் அளவு | போக்குவரத்து, அனுமதிக் கடிதம், தாமதம் |
| பிள்ளைகளே நடிப்பது | 8-க்கு மேல் | 25 பேர் | ஆறு வாரம் |

## குழந்தைகள் நாடகக் குழுவை வரவழைப்பது

பெரியவர்கள் பிள்ளைகளுக்காகவே நடிக்கும் நாடகம் தமிழில் குறைவு. இருப்பதில் எங்கள் பக்கத்துக்காரர்கள் உடனே சொல்லும் பெயர் புதுச்சேரியில் வேலு சரவணன் நடத்தும் ‘ஆழி’ குழு. பள்ளி பள்ளியாகப் போய், மேடை இல்லாத இடத்திலும் மரத்தடியிலும் ஆடுகிறவர்கள். கோமாளி ஒருவர் பிள்ளைகளின் நடுவே வந்து நிற்பார். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். இலங்கையில் யாழ்ப்பாணத்துக் குழந்தை ம. சண்முகலிங்கம், மட்டக்களப்பைச் சேர்ந்த மௌனகுரு போன்றவர்கள் ஆட்டமும் பாட்டுமாகச் சிறுவர் நாடகங்கள் எழுதி ஆடவைத்ததும் இந்த வகைதான். பெரிய நடிகர்கள் கரடியாகவும் ஆடாகவும் வருவார்கள். பாத்திரங்கள் பேசுவது பிள்ளைகளோடு.

மேலே சொன்ன ஐந்தில் தூரம், பதில் பேச இடம் இரண்டிலும் இதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் இரண்டையும் கெடுக்க நம்மால் முடியும். எப்படி என்று பாருங்கள்.

ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம், நல்ல பள்ளிதான்) இப்படி ஒரு குழுவை ஏற்பாடு செய்தோம். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, எல்லோரையும் உதட்டில் விரல் வைக்கச் சொல்லிவிட்டார்கள். ஓரத்தில் கம்போடு பி.டி. வாத்தியார். கோமாளி வந்தார், ஒரு டிரம்முக்குப் பின்னால் இருந்த பூதத்தைத் தேடுகிற மாதிரி “எங்கே போச்சு? பார்த்தீங்களா?” என்று கேட்டார். பதிலே இல்லை. மறுபடியும் கேட்டார். முந்நூறு பிள்ளைகள், முந்நூறு விரல், சத்தமே இல்லை. கடைசியில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், உதட்டில் வைத்த வலது கை விரலை எடுக்காமலே, இடது கையால் டிரம்மைக் காட்டினான். நடிகர் அவனைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகுதான் கூட்டம் உடைந்தது. வாத்தியாரும் கம்பைக் கீழே வைத்தார்.

அன்றிலிருந்து நடிகர்களுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே ஆசிரியர்களோடு பத்து நிமிடம் பேசிவிடுகிறேன். ‘இன்றைக்குச் சத்தம் போட்டால் அதுதான் ஒழுக்கம்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் எச்.எம். முகத்தைப் பார்ப்பார்கள். எச்.எம். தலையசைத்தால் முடிந்தது.

இங்கே ஒளிந்திருக்கும் செலவு இரண்டாவது காட்சி. பள்ளியில் அறுநூறு பேர் இருந்தால், ‘எல்லோரையும் கிரவுண்டில் உட்கார வைத்து ஒரே தடவையில் முடித்துவிடலாம்’ என்பார்கள். அப்போது மைக் வரும், மைக் வந்தால் நடிகர் மைக் பக்கத்திலேயே நிற்பார், கூட்டத்துக்குள் வர மாட்டார். காலர் மைக் என்றால் காற்று அடித்து ‘புஸ் புஸ்’ என்று கேட்கும். வாங்கிய பொருளின் சாரமே போய்விடும். காசு இருந்தால் இரண்டு காட்சி வையுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாம் வகுப்பு வரை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய வகுப்புகளுக்கு வேறு ஏதாவது யோசியுங்கள். நாலு மணி வெயிலில் அறுநூறு பேருக்குக் காட்டிவிட்டு ‘பிள்ளைங்க கவனிக்கவே இல்ல’ என்று நடிகர்கள் மேல் குறை சொல்வது நியாயமில்லை.

எப்போது இதை எடுக்கலாம்? தொடக்கப் பள்ளி, முதல்முறையாக நாடகம் பார்க்கும் பிள்ளைகள், ஒரே நாள் அவகாசம். மூன்றும் சேர்ந்தால் யோசிக்கவே வேண்டாம்.

## கூத்து

எனக்குப் பாரபட்சம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கூத்து பார்த்து வளர்ந்தவன். பாரதக் கூத்து முடிந்து விடிகாலையில் அப்பா தோளில் தூங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன்.

வட மாவட்டங்களில் பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் ராத்திரி முழுக்க ஆடுவார்கள். புரிசை ஊர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரானின் பெயர் கூத்து பார்க்காதவர்களுக்கும் தெரியும். நவீன நாடகக்காரர்கள், 1977-இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி உட்பட, அவரிடம் போய் நின்றிருக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் சேர்ந்து 2002 முதல் 2020 வரை கட்டைக்கூத்து குருகுலம் நடத்தினார்கள். அங்கே பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு கூத்தும் படித்தார்கள், பெண் பிள்ளைகள் உட்பட. கண்ணாடிச் சில்லு பதித்த மரக்கட்டை அணிகளைத் தோளிலும் தலையிலும் கட்டிக்கொண்டு ஆடுவதால் கட்டைக்கூத்து என்று பெயர்.

பிள்ளைகளைக் கூத்து பிடித்து இழுப்பது எங்கே என்று நான் பல தடவை கவனித்திருக்கிறேன். கதையில் இல்லை, திரையில். ஒரு வேஷம் முதல்முதலாக வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துணிக்குப் பின்னால் இருந்து பாட்டு வரும், சலங்கை கேட்கும், மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். முகவீணை என்ற குட்டி நாயனத்தின் சத்தம் ஏறிக்கொண்டே போகும். ஆள் எப்போது வெளியே வருவார் என்று பிள்ளைகள் முட்டி போட்டு எழுந்துவிடும். துணி விலகி, அவர் சுற்ற ஆரம்பித்தால் முன்வரிசை பின்னால் சாயும், பின்வரிசை முன்னால் வரும். இதற்கு ஒரு வார்த்தை புரிய வேண்டியதில்லை.

ஆனால் அடுத்து வரும் பாட்டு புரிய வேண்டும், அதுதான் புரியாது. பெரியவர்களுக்கே பாதிதான் பிடிபடும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து வசனத்தில் உடைத்துச் சொல்லும்போதுதான் பிள்ளைகள் கதைக்குள் திரும்பி வரும். அதனால் பள்ளிக்கோ முகாமுக்கோ அழைக்கும்போது குழுவின் வாத்தியாரோடு உட்கார்ந்து மூன்று விஷயம் பேசிவிட வேண்டும்.

ஒன்று, நேரம். ஒன்றரை மணிநேரம் போதும். ராத்திரி முழுக்க ஆடுவதை அப்படியே வெட்டிக்கொடுங்கள் என்றால் அவர்களுக்கும் கஷ்டம். ஒரே ஒரு கட்டத்தை எடுத்து முழுசாக ஆடச் சொல்லலாம்.

இரண்டு, எந்தக் கதை. துகில் உரியும் கட்டம் கோயிலில் ஊரோடு சேர்ந்து பார்க்கும்போது வேறு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளி மைதானத்தில் அது தேவையில்லை. வீரமும் வேடிக்கையும் இருக்கும் கதையாகக் கேளுங்கள்.

மூன்று, கட்டியங்காரனின் நகைச்சுவை. நடுராத்திரிக் கூட்டத்துக்காகப் பழக்கப்பட்ட நாக்கு அது. ‘பிள்ளைங்க இருக்காங்க அண்ணே’ என்று முன்கூட்டியே சொன்னால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டுவிட்டு அப்புறம் மேடையில் போய் மைக்கைப் பிடுங்குவது அவமரியாதை. ஒரு விழாவில் அப்படி நடந்ததைப் பார்த்தேன். இன்றைக்கும் கூசுகிறது.

மறைந்திருக்கும் செலவுகள் இதில் அதிகம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அரிதாரம் பூச வெளிச்சமுள்ள ஒரு அறை, பாய், கண்ணாடி, தண்ணீர் வேண்டும். ஒப்பனைக்கே மணிக்கணக்கு ஆகும், அதனால் ஆறு மணிக் கூத்துக்கு மூன்று மணிக்கே வந்துவிடுவார்கள். மதியச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் நம் பொறுப்பு. கரண்ட் போகும் ஊரென்றால் ஜெனரேட்டர். திருவிழாக் காலத்தில் நல்ல குழுக்களுக்குத் தேதி கிடைக்காது. ஆடிக்குப் பிறகு கேட்டால் கிடைக்கும்.

இந்த மூன்று மணிநேர ஒப்பனையைச் செலவாக மட்டும் பார்க்காதீர்கள். பத்துப் பத்துப் பிள்ளைகளாக உள்ளே அனுப்பி, சத்தம் போடாமல் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். டீ குடித்துக்கொண்டு செல்போனில் பேசிக்கொண்டிருந்த ஒரு மாமா, கண்ணெதிரே துரியோதனன் ஆவதைப் பார்த்த பிள்ளை கூத்து முழுக்க அவரையேதான் பார்க்கும். எங்கள் பள்ளியில் ஒரு பெண் குழந்தை, துரியோதனன் ஆடி முடித்து உட்கார்ந்ததும் ஓடிப்போய் “டீ வேணுமா மாமா?” என்று கேட்டது.

வட மாவட்டத்துக் குடும்பம் என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம். சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு போர்வை, ஒரு பொட்டலம் வேர்க்கடலை. தூங்கினால் தூங்கட்டும், கூத்தில் தூங்குவதும் பார்ப்பதில் சேர்த்திதான்.

## தோல்பாவையும் மரப்பொம்மையும்

இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறார்கள், இரண்டும் வேறு. தோல்பாவைக்கூத்தில் ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகளின் உருவம், பின்னால் இருக்கும் விளக்கால் வெள்ளைத் திரையில் விழும். ஒரே ஆள் எல்லாப் பாவைக்கும் குரல் கொடுப்பார். கன்னியாகுமரிப் பக்கம் கணிகர் சமூகத்துக் கலைஞர்கள் குடும்பமாகச் செய்வது. பொம்மலாட்டம் கும்பகோணம் பக்கம் பெயர் பெற்றது. மரப்பொம்மை, சில பொம்மைகள் நாலரை அடி உயரமும் பத்து கிலோ எடையும் இருக்கும். ஆட்டுவிப்பவர் தலையில் ஒரு இரும்பு வளையத்தை மாட்டி, அதில் கயிறுகளைக் கட்டியிருப்பார். அவர் தலையை அசைத்தால் பொம்மை அசையும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இவைதான் முதல் தேர்வு என்பேன். அரக்கனாக வரும் மனிதனைப் பார்த்து அலறும் நாலு வயதுப் பிள்ளை, அரக்கப் பாவையைப் பார்த்து அலறாது, விரலை நீட்டித் திட்டும். தோல்பாவையில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிப் பாவைகள் வந்துவிட்டால் இராமாயணம் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கும். அடியும் உதையும் சண்டையும்தான், பிள்ளைகள் உருண்டு சிரிக்கும்.

இதில் பலரும் கோட்டை விடுவது இருட்டில். தோல்பாவையைப் பகலில் வகுப்பறையில் ஏற்பாடு செய்துவிட்டு, ஜன்னலுக்குக் கதவே இல்லை என்பது அன்றைக்குத்தான் நினைவுக்கு வரும். தார்ப்பாய் தேடி ஓடுவார்கள். தார்ப்பாய் கட்டிய அறையில் எண்பது பிள்ளைகள், ஃபேன் போட்டால் திரை ஆடும், நிறுத்தினால் வெந்துபோகும். மாலையில், இருட்டியதும், வெளியில் வையுங்கள். பொம்மலாட்டத்துக்கு இருட்டு வேண்டாம், ஆனால் ஆட்டுபவர்கள் மறைந்து நிற்க உயரமான மேடை கட்ட வேண்டும், அவர்களோடு வரும் பெட்டிகளுக்கு டெம்போ வாடகை தனி. தொலைவிலிருந்து வரவேண்டிய குழு என்றால் பயணச் செலவே சம்பளத்தை எட்டிப் பிடிக்கும். பக்கத்து இரண்டு பள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்து மூன்று நாள் ஆட்டம் வைத்தால் எல்லோருக்கும் கட்டுப்படியாகும்.

ஆட்டம் முடிந்ததும் அரை மணி விட்டுவையுங்கள், பிள்ளைகள் திரைக்குப் பின்னால் போகட்டும். அனுமதி கேட்டுக்கொண்டுதான். தோல் கிழிந்தால் அது ஒரு தலைமுறைச் சொத்து.

## வேன் வைத்து அரங்குக்குப் போவது

பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் வேண்டாம். சென்னை சபா நாடகம் சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்குத் தொடங்கும். திண்டிவனத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போய் வீட்டில் விடும்போது நள்ளிரவு. சபாவில் நம் பிள்ளைகளைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் தாத்தா பாட்டியாக இருப்பார்கள். ஒரு தடவை எங்கள் பையன்கள் சிரித்த சிரிப்புக்கு முன்வரிசைப் பெரியவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இடைவேளையில் அவரே வந்து “நீங்க சிரிச்சது நல்லா இருந்தது” என்றார், அது வேறு விஷயம்.

சென்னை மாதிரி பெரிய ஊர்களிலேயே இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. கிரேசி மோகன் 2019-இல் மறைந்த பிறகும் அவர் குழு மேடையேறிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மாதிரி நகைச்சுவை ஏழாம் வகுப்புக்கு மேல் நன்றாக எடுபடும். வார்த்தை விளையாட்டுப் பிடிக்கும் வயது அது. பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ரங்கசங்கரா என்ற நாடக அரங்குக்குப் போகலாம். 2006 முதல் பிள்ளைகளுக்கென்றே தனித் திட்டம் வைத்து நாடகம் போடுகிறார்கள். தாமதமாகப் போனால் உள்ளே விட மாட்டார்கள், பெங்களூர் டிராஃபிக்கை நினைத்துக் கிளம்புங்கள்.

அரங்குக்குப் போவதில் வேறு எதிலும் கிடைக்காத ஒன்று இருக்கிறது. விளக்கு அணைவது. டிக்கெட்டைக் கிழித்து, இருக்கை எண் தேடி, உட்கார்ந்து, பேச்சு மெல்ல அடங்கி, இருட்டாகும் அந்த அரை நிமிடம். அதற்காகவே ஒரு தடவை போகலாம். வருடா வருடம் போக எங்களால் முடியாது.

## பிள்ளைகளே நடிப்பது

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆண்டுவிழா நாடகம், இன்னொன்று பட்டறை. முதல் வகையை நான் நாடகத்தில் சேர்ப்பதில்லை. வசனம் முழுவதையும் ஸ்டுடியோவில் பெரியவர்கள் குரலில் ரெக்கார்ட் செய்து ஸ்பீக்கரில் ஓடவிட்டு, பிள்ளைகளை வாயசைக்க வைப்பார்கள். நடுவில் பென்டிரைவ் நின்றுவிட்டால் கட்டபொம்மன் வாயைத் திறந்தபடி நிற்பான். நன்றாகப் படிக்கும் பையன் கட்டபொம்மன், மற்றவர்கள் வேலிக்குக் கம்பு. மூன்று வருடம் தொடர்ந்து மரமாக நின்ற ஒரு மாணவி என்னிடம் படித்தாள். அவளுக்குக் கட்டபொம்மன் வசனம் முழுக்க மனப்பாடம்.

பட்டறை என்பது வேறு. வெளியிலிருந்து ஒரு நாடகக்காரர் வருவார், இருபத்தைந்து பேரை வட்டமாக நிற்க வைப்பார். முதல் வாரம் விளையாட்டுதான். ஒருவர் கண்ணாடி முன் நிற்பவராகவும், எதிரே நிற்பவர் கண்ணாடியாகவும் அசைய வேண்டும். பேசாத பிள்ளைகள் இதில் பிரமாதமாகச் செய்யும். மூன்றாம் வாரம் பிள்ளைகளே ஒரு கதை சொல்லும், அதிலிருந்து காட்சி வரும். ஆறாம் வாரம் மற்ற வகுப்புகளுக்கு ஆடிக் காட்டலாம். இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ பள்ளிப் பாடமாகவே இருக்கிறது. நம் அரசுப் பள்ளிகளில் 2022-இல் கலைத்திருவிழா என்ற கலைப் போட்டிகள் வந்தபிறகு நாடகத்துக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது. போட்டி என்பதால் ஜெயிக்கிற குழுவை மட்டும் தேய்த்துத் தேய்த்துத் தயார் செய்வார்கள், அதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பிள்ளைகளை நடிக்க வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் சிறுவர்களை மட்டும் வைத்து ஒரு நாடக சபை தொடங்கினார். அவரிடம் பயின்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அப்புறம் சொந்தமாகக் குழு நடத்தினார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இப்படிச் சிறுவர்கள் நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். ஆனால் அங்கே பையன்கள் அரசனாகவும் அரசியாகவும் வேஷம் கட்டியது பெரியவர்கள் பார்ப்பதற்காக. குருகுல வாசம், அடி உதை எல்லாம் உண்டு. அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்களிடம் இதையும் சேர்த்துச் சொல்லுவேன்.

மறைமுகச் செலவு நேரம். வாரம் இரண்டு நாள், கடைசி இரண்டு பீரியட், ஆறு வாரம். கணக்கு வாத்தியார் ஒத்துக்கொள்ள மாட்டார். இருபத்தைந்து பேருக்கு மேல் எடுக்க முடியாது, அதனால் ‘என் பிள்ளை ஏன் இல்லை’ என்று பெற்றோர் வருவார்கள். இன்னும் சிலர் ‘இது சினிமாவுக்குப் போக உதவுமா’ என்று கேட்பார்கள். கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம் எல்லாம் சினிமாவுக்குப் போனது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி வேண்டாமே.

‘மறுநாள்’ கணக்கில் இதுதான் முதலிடம். நடித்துப் பார்த்த பிள்ளை, அடுத்து எந்த நாடகம் பார்த்தாலும் ‘இவர் எப்படி அழறார்?’ என்று கேட்கும். ஆனால் ஒரு நாடகமும் பார்க்காத பிள்ளையைப் பட்டறையில் தள்ளினால், அது டி.வி. சீரியலைத்தான் நடித்துக் காட்டும். மாமியார், மருமகள், கன்னத்தில் அறை. அதனால் முதலில் ஒன்றைப் பார்க்கட்டும், அப்புறம் பட்டறை.

## பதின்வயதுக்காரர்கள் என்ற தனிப் பிரச்சினை

ஒன்பதாம் வகுப்புக்குக் கோமாளியைக் காட்டினால் பின்வரிசையில் ஊளைச் சத்தம் வரும். பாவைக்கூத்து ‘சின்னப் பிள்ளைங்களுக்கு’. கூத்து சிலருக்குப் பிடிக்கும், சிலர் ஊர்த் திருவிழாவிலேயே பார்த்துச் சலித்தவர்கள். பெர்லினில் 1969-இல் தொடங்கிய கிரிப்ஸ் நாடகக்காரர்கள் இதற்கு ஒரு வழி பிடித்தார்கள். தேவதைக் கதை வேண்டாம், பிள்ளைகளின் வீட்டுச் சண்டையையும் பள்ளிப் பிரச்சினையையும் மேடையில் போடுவோம் என்றார்கள். அது 1980-களில் மோகன் அகாஷே வழியாகப் புனேவுக்கு வந்து மராத்தியில் வேர் பிடித்தது.

தமிழில் இதற்கு நெருக்கமாக இருப்பது வீதி நாடகம். பிரளயன் நடத்தும் சென்னைக் கலைக்குழு 1984 முதல் இருக்கிறது. மேடை, திரை, விளக்கு எதுவும் வேண்டாம், மைதானத்தில் வட்டம் கட்டினால் போதும். செலவும் குறைவு. பிரேசிலின் அகஸ்டோ போவால் காட்டிய வழியில் காட்சியை நடுவில் நிறுத்தி, ‘நீ இருந்தால் என்ன செய்வாய், வந்து செய்து காட்டு’ என்று பார்ப்பவர்களையே உள்ளே இழுப்பவர்களும் உண்டு. எங்கள் ஊரில் குழந்தைத் திருமணம் பற்றிய ஒரு காட்சியை அப்படி நிறுத்தியபோது, பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து வந்து அப்பா வேஷம் போட்டவரிடம் ஐந்து நிமிடம் வாதாடினாள். நடிகர் தோற்றுப்போய் வசனம் இல்லாமல் நின்றார். இதில் கவனிக்க வேண்டிய செலவு ஒன்றுதான். அந்தக் காட்சி யாருடைய வீட்டுக் கதையாகவாவது இருந்தால், முடிந்த பிறகு அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

சரி, நூலகத்து அம்மாவுக்கு என்ன சொன்னேன்? எழுபது பேர், ஆறிலிருந்து பன்னிரண்டு வயது, ஒரே நாள். குழந்தைகள் நாடகக் குழு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடலாம், தேதி கிடைக்காவிட்டால் சாயங்காலம் தோல்பாவை என்றேன். அவருக்கு மனசு கூத்தில்தான். “ஹாலுக்குள்ளயே வெச்சுக்கலாமே சார், வெயிலே இல்ல” என்றார். அந்த ஹாலை நான் பார்த்திருக்கிறேன். தாழ்வான கூரை, வரிசையாக ஆறு ஃபேன். கிரீடத்தோடு ஒரு ஆள் சுற்றி எழும்ப எவ்வளவு உயரம் வேண்டும் என்று சொல்லி, டேப் வைத்து அளந்துவிட்டுக் கூப்பிடச் சொன்னேன். இன்னும் கூப்பிடவில்லை.